'கட்' என்ற வினைக்கு இறந்தகாலம்

ராசா, நீ இதைப் பிரித்துப் படிக்கிற காலத்தில் உனக்கு மீசை அரும்பியிருக்கும். இன்றைக்கு உனக்கு ஏழு வயது. முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு தூங்குகிறாய். காலையில் முதல் பஸ்ஸில் உன் அப்பா உன்னைச் சிரம்பானுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே லோபாக்கில் என் சித்தி வீட்டில் தங்கி நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறாய். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். வைத்ததை எடுத்து மறுபடி மடித்தேன். ஊரடங்குச் சங்கு ஊதியாகிவிட்டது. நம் தொழிலாளர் வரிசை வீடுகளை, இந்த லயத்தை, சுற்றியிருக்கும் முள்கம்பி வேலியின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இனி விடியும்வரை உள்ளே இருப்பவர் உள்ளேதான். நீ பிறந்ததிலிருந்து இப்படித்தான் பார்க்கிறாய். ஊர் என்றால் ஒரு வேலியும், ஒரு கேட்டும், கேட்டில் உன் அம்மாவின் பையைத் தடவிப் பார்க்கும் ஒரு கையும் உண்டு என்றுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட இந்த அவசரகாலம் சீக்கிரம் முடிகிற ஒன்று என்று நினைத்து அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். நீ நடக்கப் பழகினாய், பேசப் பழகினாய், இப்போது பள்ளிக்கூடம் போகிறாய். அது இன்னும் முடியவில்லை.

நேற்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, இங்கிலீஷ்ல நேத்து நடந்ததை எப்படிச் சொல்றது?" என்றாய். நல்ல கேள்வி. நான் திருச்சியில் பெண்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள். இந்த எஸ்டேட்டில் அந்தக் கேள்விக்கு என்னைவிடச் சரியாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் நான் என்ன செய்தேன்? போய்ப் படு என்று சிடுசிடுத்தேன். நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் சுருண்டாய். உன் அப்பா கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி தூக்கிக்கொண்டார். அவருக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பாடம் நெஞ்சில் சிக்கிக்கொண்ட மீன்முள். உனக்குத் தர வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். என் கை ஓய்ந்துபோயிருக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பெரியப்பாவை உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, நீ அவர் தலைமயிரைப் பிடித்து இழுக்க இழுக்க, "வலது பக்கம் லோரி, இடது பக்கம் லோரி" என்று லயத்தைச் சுற்றி ஓடுவார். அவர் எங்கே என்று கேட்டபோதெல்லாம் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னோம். அது பொய்யில்லை. ஆனால் முழுதும் உண்மையும் இல்லை. அவர் உன் அப்பாவின் அண்ணன். உன் தாத்தாவும் பாட்டியும் லுக்குட் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போன பிறகு, மீசை முளைக்காத வயதில் கத்தியைக் கையில் எடுத்துப் பால்மரம் வெட்டித் தம்பியைப் படிக்க வைத்தவர். தம்பி கிராணி ஆனார், ஆபீசில் கணக்கெழுதும் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் மரத்தடியிலேயே இருந்தார், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், பொண்ணுக்கு என் மேலே வர்ற ஒட்டுப்பால் நாத்தம் ஒத்துக்கணும்லா என்று சிரிப்பார்.

நான் கப்பலில் வந்து இறங்கிய புதிதில் எனக்கு இந்த மலாயாவில் எதுவும் புரியவில்லை. ரப்பர் மரத்தை இவர்கள் வெட்டுகிறேன் வெட்டுகிறேன் என்கிறார்களே, மரம் அப்படியே நிற்கிறதே என்று மலைத்தேன். பிறகுதான் தெரிந்தது. பட்டையில் மெல்லியதாக ஒரு சரிவுக்கோடு சீவுவதைத்தான் இங்கே வெட்டுவது என்கிறார்கள். சீவினால் பால் வடிந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டும். ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று ஒதுக்கிய வரிசைக்கு நிரை என்று பெயர். உன் பெரியப்பாவின் நிரை காட்டோரத்தில் இருந்தது. அந்த நிரையில் வேறு யாரும் கத்தி வைக்கக்கூடாது. வைத்தால் அவருக்குக் கோபம் வரும். அவர் கோபப்பட்டது அதற்கு மட்டும்தான்.

அவர் என்னிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார் என்றால் நீ நம்ப மாட்டாய். காரணம் இருந்தது. ஒருமுறை குளிர்காய்ச்சலோடு காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டுக் களத்தில் நின்று, இன்று முடியவில்லை என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் சொல்லித் துரையிடம் சொல்லச் சொன்னாராம். மண்டோர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை இவரைப் பார்த்து முகம் சுளித்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மண்டோர் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. குடிக்காத மனிதர் அவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வைராக்கியம், தனக்கும் துரைக்கும் நடுவில் இன்னொரு நாக்கு கூடாது. இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நாளை நீ படிக்கப் போகிற பாஷையை மனிதர்கள் எதற்கெல்லாம் ஆசைப்படுகிறார்கள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உத்தியோகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய உண்டு. எனக்குக் காய்ச்சல் என்பதை நானே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஒருவர் இருந்தார்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். அவருக்கு எதிரில் நான் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. மாமா என்று கூப்பிடுவதுகூடக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான். அதனால் பாடமும் அப்படியே நடந்தது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்து வந்து அவர் வெளிப்படியில் முதுகைக் காட்டி உட்காருவார். நான் கதவுக்குப் பின்னால் உன்னை மடியில் போட்டுக்கொண்டு சொல்லுவேன். அவர் சாலையைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுவார். போகிற வருகிறவர்களெல்லாம் இவர் யாரிடம் பேசுகிறார் என்று நின்று பார்ப்பார்கள். "என்ன அண்ணே, லயத்துச் செவரு இங்கிலீஷ் பேசுதா?" என்று கேலி செய்வார்கள். "பேசுது. ஒன் வீட்டுச் செவரு பேசாதா?" என்பார்.

முதலில் அவர் கேட்டது தன் வேலையை எப்படிச் சொல்வது என்றுதான். வெட்டுகிறேன் என்பதற்கு 'ஐ கட்' என்று சொல்லிக் கொடுத்தேன். நீ வளர்ந்தவன், இதற்குள் சிரித்திருப்பாய். மரத்தில் பால் எடுப்பதை இங்கிலீஷில் 'டாப்' என்று சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியாது. திருச்சியில் 'டாப்' என்றால் தண்ணீர்க் குழாய். தமிழில் வெட்டு, மலாயில் போத்தோங், இரண்டையும் இங்கிலீஷாக்கினால் 'கட்'. அகராதியும் அப்படித்தான் சொன்னது. கல்லூரிப் படிப்பு சொன்னதும் அதுதான். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, ஆபீசில் தினமும் அந்தச் சொல்லை எழுதுகிறவர், அண்ணனும் பெண்டாட்டியும் பேசுகிற இடத்தில் காது கொடுக்கக்கூடாது என்று எழுந்து வெளியே போய்விடுவார். மரியாதை எல்லாப் பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

இறந்தகாலத்துக்கு வந்தோம். நேற்று நடந்ததென்றால் வினைச்சொல்லின் வாலில் 'எட்' என்று ஒட்ட வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தமிழில் நடந்தேன், வெட்டினேன், தின்றேன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, இவன் சுலபமாக வைத்திருக்கிறான் என்றார். வாக்டு, குக்டு என்று சொல்லிக்கொண்டே போனவர், தன் வேலைக்கு வந்ததும் 'கட்டெட்' என்றார். இல்லை மாமா, கட்டுக்கு ஒன்றும் சேராது, இன்றைக்கும் கட், நேற்றைக்கும் கட் என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் படியைத் தட்டிக் கேட்டார்.

"அதெப்படிம்மா? இன்னைக்கு வெட்டுறதும் நேத்து வெட்டுனதும் ஒண்ணாகுமா? நேத்து வெட்டுன கோடு மேல இருக்கு, இன்னைக்குக் கோடு அதுக்குக் கீழ. பட்டையைப் பாத்தாலே தெரியுதே. வெள்ளைக்காரனுக்கு நாளு கெழமை கெடையாதா?"

மலாயில் மட்டும் மாறுகிறதா மாமா, நேற்றும் போத்தோங் இன்றும் போத்தோங்தானே என்று கேட்டேன். மலாய்க்காரன் 'நேத்து' என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறானே, அவன் நாணயமானவன் என்றார். பிறகும் எத்தனை முறை திருத்தினேன் என்று கணக்கில்லை. அவர் நாக்கு மடங்கவில்லை. நேற்று என்றால் கட்டெட், கோயெட், ஈட்டெட், கம்ட். 'வென்ட்' என்று நான் சொன்னபோது, போ-வுக்கும் அதுக்கும் என்னம்மா சொந்தம், பங்காளி மாதிரிகூட இல்லையே என்றார். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் திருத்தாமல் விடவில்லை. சரியானதைச் சொல்லிக் கொடுப்பதுதானே மரியாதை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அங்கேதான் எனக்கு வலிக்கிறது. தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில், ஒரு நாள் விடிந்து வேலைக்குப் போனபோது பெரியப்பாவின் நிரையில் முக்கால்வாசி மரங்களின் பட்டையைப் பாராங்கத்தியால் கொத்திச் சிதைத்துப் போட்டிருந்தார்கள். காட்டில் இருந்தவர்கள் அந்த நாளில் அங்கங்கே அப்படிச் செய்தார்கள். மரம் பாழானால் துரைமாருக்கு நஷ்டம் என்று கணக்கு. யார் செய்தது என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. போலீஸ் லோரி வந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி இறங்கினார். எங்கள் பழைய துரை விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் மரம் பார்த்தே சில வாரம்தான் ஆகியிருந்தது. நடந்ததைப் பக்கத்தில் நின்ற மண்டோர் பிறகு எங்களிடம் ஒன்று விடாமல் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அழுதார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். பழைய பகையை அதோடு விட்டுவிட்டேன்.

மண்டோர் மொழிபெயர்க்க முன்னால் வந்திருக்கிறார். பெரியப்பா கையை நீட்டித் தடுத்திருக்கிறார். "நடுவுல நீ வேணாம்லா. எனக்கு வாய் இருக்கு" என்றிருக்கிறார். அதிகாரி, கொத்திக் கிடந்த மரங்களைக் காட்டி, இங்கே மரம் வெட்டுவது யார் என்கிற மாதிரி ஏதோ கேட்டார். அதிகாரி கேட்டது நேற்று ராத்திரியைப் பற்றி. இவர் காதில் விழுந்தது தன் நிரையைப் பற்றி. நெஞ்சில் கை வைத்து, 'ஐ கட், சார்' என்றார். இந்த மரங்களையா? 'எஸ் சார், திஸ் ட்ரீ ஐ கட்.' வேறு யார்? இந்தக் கேள்விக்குத்தான் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்கிறது. 'நோ சார். ஒன்லி ஐ கட்.'

எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொன்னதுதான். தமிழில் சொல்லியிருந்தால் வெட்டுகிறேன் என்றிருப்பார், வெட்டினேன் என்றிருக்க மாட்டார். நடுவில் நிற்கிற ஓர் எழுத்து ஆளைக் காப்பாற்றியிருக்கும். மலாயில் கேட்டிருந்தால், நேற்று என்ற வார்த்தையை அவர் சேர்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாஷையில், அவர் பேசிய அந்த வினைச்சொல்லில் இன்றைக்கும் நேற்றைக்கும் நடுவே வேலியே கிடையாது. லோரியில் ஏறும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் ஏறினாராம். துரையிடம் நானே பேசிவிட்டேன் என்று கிராணித் தம்பியிடம் சொல்லச் சொன்னாராம்.

உன் அப்பாவைப் பற்றி நீ ஒருநாள் கடுமையாக நினைக்கக்கூடும், அதனால் இதையும் எழுதுகிறேன். அவர் பயந்தார். அவசரகாலச் சட்டத்தில் பிடித்தால் வழக்கு கிடையாது, வக்கீல் கிடையாது. உள்ளே வைப்பார்கள், இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். அண்ணனுக்காகப் பேசப் போய்த் தம்பியையும் பிடித்தால் நீயும் நானும் என்ன ஆவோம் என்று கைகளைப் பிசைந்தார். அன்றைக்கு அவரிடம் நான் நடந்ததை விளக்கிச் சொன்னபோதுதான், "எதுக்குக் கட்? டாப்புன்னுதானே சொல்லணும்? நாங்க டாப்பிங்னுதானே எழுதுறோம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.  டாப், டாப்டு. வாலில் 'எட்' ஒட்டுகிற ஒழுங்கான சொல். உன் பெரியப்பாவுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும்.

பிறகு உன் அப்பாதான் போய் நின்றார். கெஞ்சியோ காலில் விழுந்தோ, எப்படியோ, சிரம்பானில் ஒரு பெரிய அதிகாரி எங்களைப் பார்க்கச் சம்மதித்தார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அந்த அதிகாரி வயதானவர், தலை நரைத்தவர், கெட்ட மனிதர் இல்லை. நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன். எங்கள் ஜனங்கள் வெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு விளக்கம் இருக்கும், உங்களுடையது மற்றவர்களுடையதைவிடப் படித்த விளக்கம், அவ்வளவுதான் என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு வந்த யோசனை, ராசா, வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

மாமாவுக்கு நான்தான் பாடம் சொன்னேன் என்றேன். இறந்தகாலம் என்றால் எந்த வினைக்கும் 'எட்' ஒட்டாமல் அவரால் பேச முடியாது என்றேன். நேற்று வெட்டியதைச் சொன்னால் 'கட்டெட்' என்றுதான் சொல்லுவார், அன்றைக்கு 'கட்' என்று சொன்னதால் அது அன்றாட வேலையைத்தான் குறிக்கும், கூப்பிட்டுப் பழைய கதை எதையாவது கேளுங்கள், உங்கள் காதாலேயே கேட்பீர்கள் என்றேன். அதிகாரி பேனாவை மூடி வைத்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஓர் ஆர்வம் தெரிந்தது. சரி, உங்கள் மாணவரையே கேட்போம் என்றார்.

கூட்டி வந்தார்கள். இளைத்திருந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. அந்த அறையில் கதவுக்குப் பின்னால் நிற்க எனக்கு இடமில்லை. மறைவே இல்லாமல் அவரும் நானும் ஒரே அறையில் நின்றது அன்றைக்குத்தான். என்னைப் பார்த்ததும் அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். தேர்வுக்கு வந்த பையன் மாதிரி முதுகை நிமிர்த்தினார்.  ஒன்றும் பேசக்கூடாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். கண்ணால் சொல்லலாம் என்றால், அவர் என் கண்ணைப் பார்க்க மாட்டார். தரையைத்தான் பார்த்தார்.

யுத்தத்துக்கு முன்னால் லுக்குட்டில் என்ன வேலை செய்தாய் என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். இந்த லயத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். ஒரு மாணவன் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டது அந்த ஒரு நிமிஷம்தான். தப்பாகச் சொல்லுங்கள் மாமா, எப்போதும் போலச் சொல்லுங்கள், ஒரே ஒரு 'எட்' போடுங்கள். அவர் கண்ணை மூடினார்.  பிறகு கண்ணைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். 'லுக்குட், ஐ... கட், சார்.' வாலை வெட்டின பல்லி மாதிரி அந்தச் சொல் அங்கே கிடந்தது. இந்த நாட்டுக்கு எப்படி வந்தாய்? 'ஐ கேம் பை ஷிப்.' வந்து எங்கே போனாய்? 'ஐ வென்ட் லுக்குட் எஸ்டேட்.' யுத்தத்தில் என்ன சாப்பிட்டாய்? 'ஐ ஏட் மரவள்ளி, சார்.' ஒரு வினையிலும் பிழையில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். என் பக்கம் திரும்பி, கேலியில்லாமல், உண்மையான மரியாதையோடு, மிக நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் அம்மா என்றார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், உன் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். இனிமேல் நான் எதைச் சொன்னாலும், முதலில் சொன்னதும் பொய்யாகிவிடும் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் உன் பெரியப்பாவை லோரிக்குக் கூட்டிப் போகும்போது, காவலாளியிடம் ஒரு நிமிஷம் என்று கேட்டு நின்றார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வேற என்னம்மா வேலை? ஒக்காந்து அதைத்தான் படிச்சேன். கட், கட், கட். நீங்க கதவுக்குப் பின்னால சொல்ற மாதிரியே நெனச்சுக்குவேன். எல்லாம் சரியாச் சொன்னேனா?"

பின்னால் நின்ற உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த மூன்று வருஷமாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். அவர் எந்தச் சொல்லால் போகிறார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது இல்லையா. ஆனால் கப்பலில் அவர் எடுத்துப் போக வேறு என்ன இருந்தது? "எல்லாம் சரி, மாமா. ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றேன். "நீங்க சொல்லிக் குடுத்தது" என்றார். அடுத்த மாதம் கப்பலேற்றிவிட்டார்கள். வழியனுப்ப விடவில்லை. மன்னார்குடிப் பக்கம் தூரத்துப் பங்காளி ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வந்துபோகிறவர்கள் சொல்கிறார்கள். அங்கே வயல் இருக்கிறது, வெட்டுவதற்குப் பால்மரம் கிடையாது.

நாளைக்கு நீ போகிறாய். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதே. நிறுத்திச் சோதித்தால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். சித்தி வீட்டில் சோற்றை மிச்சம் வைக்காதே. பள்ளிக்கூடத்தில் கட் என்ற வினைக்கு இறந்தகாலம் கேட்டால் கட் என்று சொல், மதிப்பெண் வாங்கு. நான் சொல்லிக் கொடுத்தது சரிதான், எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பார். ஆனால் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது, மரத்தடியிலிருந்து வருகிற யாராவது உன்னிடம் ஆசையாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை பேசினால், பிழையைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேள். சிலர் தங்கள் பிழைக்குள்தான் நேற்றையும் இன்றையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பிடுங்கி எடுத்துவிட்டுச் சுத்தமாக்கிக் கொடுத்தேன். உனக்குக் கோபம் வரும், துரைமார் மேல், மண்டோர் மேல், உன் அப்பா மேல், என் மேல். வரட்டும். கோபம் தணிந்த பிறகு இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படி. எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை, களைப்புதான் வருகிறது.

ஒரே ஒரு காரியம் உன்னிடம் கேட்கிறேன். வளர்ந்து உன் கையில் நாலு காசு வந்ததும், கப்பலோ விமானமோ ஏறி, மன்னார்குடிக்குப் போய் உன் பெரியப்பாவைத் தேடிக் கண்டுபிடி. கிழவராகியிருப்பார். உன்னை அடையாளம் தெரியாது, தோளில் வைத்துச் சுமந்த கதையை நீதான் சொல்ல வேண்டும். தாழ்வாரத்துக் கதையைச் சொல்லாதே, அது உன்னோடு இருக்கட்டும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று தெரிந்ததும் அவர் விடமாட்டார், நிமிர்ந்து உட்கார்ந்து உன்னைக் கேட்பார், கட்டுக்கு இறந்தகாலம் என்ன என்று. அப்போது நீ யோசிக்கிற மாதிரி கொஞ்சம் கண்ணை மூடு. பிறகு 'கட்டெட்' என்று சொல், ராசா. அவர் சிரித்து உன்னைத் திருத்தட்டும்.